முதுகு வீடு

கண்ணுகளா, பொறாமைப்படுகிறவளைப் பார்த்துச் சிரிக்க மாட்டோம் என்று முதலில் எனக்கு வாக்குக் கொடுங்கள்; அப்புறம்தான் கதை. சிரிக்கிற இடங்கள் வரத்தான் செய்யும். அப்போதும் அவள் காதில் விழாமல் சிரியுங்கள். அவளுக்குக் காது ரொம்பக் கூர்மை.

ஓரகத்திகள் இரண்டு பேர். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். பெரியவள் ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறவள். யார் வீட்டு ஜன்னல் எவ்வளவு அகலம், யாருக்கு வெயில் ஆகாது, யார் பக்கத்து வீட்டுக் கண்ணுக்குப் பயந்து இரட்டைத் துணி கேட்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தையலில் ஒரு நூல் பிசகாது. சின்னவள் ஒரு பல் டாக்டரிடம் முன்மேஜையில் உட்காருகிறவள். வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "வலிக்கவே வலிக்காது" என்று முகம் மாறாமல் பொய் சொல்லி உள்ளே அனுப்புகிற வேலை.

கூட்டாக இருந்த பழைய வீட்டை விற்றுவிட்டு, அண்ணனும் தம்பியும் புதிதாக எழும்பிய ஒரு குடியிருப்பில் ஆளுக்கொரு வீடு வாங்கினார்கள். கட்டடக்காரர் மேஜையில் வரைபடத்தை விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைகளில் டீ கிளாஸ்களை வைத்துக் காட்டினார். நடுவே ஒரு சந்து. சந்தின் இருபுறமும் கதவுக்குக் கதவு நேராகச் சின்னச் சின்ன வீடுகள். சந்தின் வாயில், மூலையில் ஒரே ஒரு பெரிய வீடு. அது மட்டும் கோபித்துக்கொண்டதுபோல் திரும்பி ரோட்டைப் பார்த்து நின்றது. அதற்கு இரும்புக் கேட்டு, கார் நிறுத்த இடம், சுற்றுச்சுவர், எல்லாம் உண்டு.

"அக்கா முதல்ல சொல்லட்டும்" என்றாள் சின்னவள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

பெரியவள் யோசிக்கவே இல்லை. மூலை வீட்டின்மேல் விரலை வைத்தாள். "ரோட்டைப் பாத்த வீடுதான் எனக்கு. போயும் போயும் சந்துக்குள்ள யாரு குடியிருப்பா?"

அந்த மூலை வீட்டின் பின்சுவருக்கு நேர் எதிரே இருந்த சின்ன வீடு சின்னவளுக்கு வந்தது. பெரியவள் மேல் குற்றம் சொல்ல முடியாது, கண்ணுகளா. அந்தப் படத்தில் கார் வரைந்திருந்தார்கள், உருண்டை உருண்டையாக மரம் வரைந்திருந்தார்கள். சாயங்காலத்தை எங்கேயும் வரையவில்லை.

குடிவந்த பிறகுதான் சாயங்காலம் தெரிந்தது.

சந்தின் இரண்டு வாயிலும் வண்டி நுழையாதபடி குட்டை குட்டையாக இரும்புக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். அதனால் பெரிய மனிதனானாலும் சின்ன மனிதனானாலும் வண்டியை வெளியே விட்டுவிட்டு நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். நடந்து போகிறவனைப் பத்து வாசலும் பார்க்கும். பார்த்தால் கேட்கும். கேட்டால் அவன் நின்று பதில் சொல்ல வேண்டும். குடிதண்ணீர்க் குழாய் வேறு சந்துக்கு நடுவில் ஒன்றே ஒன்று. குடம் நிறைகிற நேரத்தில் வாய் சும்மா இருக்குமா? போதாக்குறைக்கு, வெயில் சாயும்போது மூலை வீட்டின் பின்சுவர் நிழல் நீளமாக வந்து சரியாகச் சின்னவள் வாசலில் விழும். நிழல் விழுந்த இடத்தில் நாற்காலி விழும். நாற்காலி விழுந்த இடத்தில் ஆள் விழுவார்கள்.

பெரியவளின் தையல் மிஷின் பின்அறையில், சந்தைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே இருந்தது. வெளிச்சத்துக்காக அங்கே போட்டது. ஜன்னலில் அவளே தைத்த கனத்த திரை. பின்கதவு ஒன்று உண்டு. ஆனால் அதன்மேல் துணி அலமாரியைச் சாத்தி வைத்துவிட்டாள். "கொல்லைப் பக்கம் எதுக்குத் திறந்து கிடக்கணும்?" என்று கேட்டாள். அவள் பக்கத்துக்கு அது கொல்லை. மற்ற எல்லோருக்கும் அதுதான் வாசல்.

திரைக்கு இந்தப் புறம் அவள் தைத்துக்கொண்டிருப்பாள். அந்தப் புறம் சிரிப்பு வெடிக்கும்.

கணக்கு டீச்சரின் சிரிப்பு மூக்கால் வரும். பூனை வளர்க்கிற பூனையம்மாவின் சிரிப்பு இருமலில் போய் முடியும். எலெக்ட்ரீஷியன் சிரிக்க மாட்டான், சிரிக்க வைப்பான். வீடு வீடாகப் போகிறவன் இல்லையா, அவனிடம் கதைக்குப் பஞ்சமே இல்லை. இத்தனை சிரிப்புக்கும் நடுவில் சின்னவளின் குரல், தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டினதுபோல்.

"இவளுக்கு என்ன இருக்கு?" என்று பெரியவள் ஊசியில் நூலைக் கோக்கும்போது நினைப்பாள். "ஒரு கதையை உருப்படியா சொல்லத் தெரியுமா? பாதியில ஆள் பேரை மறந்துட்டு 'அவர்தாங்க, அவர்தாங்க'ன்னு நிப்பா. இவ வாசல்லதான் வந்து விழுறாங்க. அதுவும் யாரு நிழல்ல? என் சுவத்து நிழல்ல!"

வெளி ஆட்களைக்கூட மன்னித்திருப்பாள். அவள் வீட்டுக்காரரே அங்கே போய் உட்கார ஆரம்பித்ததைத்தான் தாங்க முடியவில்லை. அவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்; குடியிருப்புச் சங்கத்துக்குச் செகரட்டரியும் அவர்தான். ஆபீஸ் விட்டு வந்து முகம் கழுவினதும், "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்பார். கேட்டைத் திறந்து, ரோட்டில் நடந்து, மூலை திரும்பி, சந்துக்குள் போய், தன் வீட்டுச் சுவருக்கு எதிரிலேயே காற்று வாங்க உட்காருவார். கொஞ்ச நேரத்தில் அவர் சிரிப்பு கேட்கும். பெரிய சிரிப்பு, தொடையைத் தட்டிச் சிரிக்கிற சிரிப்பு. வீட்டில் அதை அவள் கேட்டதே இல்லை. வீட்டில் அவருக்கு வருவது "ம்" மட்டும்தான். சந்தோஷமாக இருந்தால் "ம்ம்".

ஒரு நாள் பார்சல் கொண்டு வந்த ஒருவன் சந்துக்குள் நின்று வழி கேட்டான். பூனையம்மாவின் குரல் பதில் சொன்னது: "நேரா போப்பா. முதுகு வீடு ஒண்ணு வரும், பெரிசா. அதுக்கு எதிர் வாசல்தான் பல் டாக்டர்கிட்ட வேலை பாக்குற பொண்ணு வீடு."

முதுகு வீடு!

பெரியவளுக்குக் காது மடல் சுட்டது. கேட்டும் கிரில்லும் போட்டு, முகப்பில் பளிங்குக் கல் பதித்து வைத்திருக்கிற வீட்டுக்கு முதுகு வீடு என்று பெயர். யார் வைத்திருப்பார்கள்? வேறு யார்! எதிர் வாசலில் உட்கார்ந்துகொண்டு பொழுதுக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறவள்தான். பல் பிடுங்குகிற இடத்தில் வேலை செய்தால் புத்தியும் அப்படித்தானே போகும்.

அன்றைக்கே கணவரிடம் சொல்லி இரண்டு பிரம்பு நாற்காலிகள் வரவழைத்தாள். ரோட்டைப் பார்த்த முன்பக்கத்தில் போட்டாள். தட்டில் பிஸ்கட், ஃபிளாஸ்கில் டீ. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்களும் ஆள் சேர்ப்போம், பார்.

ரோட்டில் கார்கள் போயின. கார் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. எதிர் வீட்டுக்காரர் வந்தார். இத்தனை நாளாக அவரை அவளுக்கு ஹாரன் சத்தத்தில்தான் தெரியும், அதனால் மனசுக்குள் ஹாரன் சார் என்று வைத்திருந்தாள். காருக்குள்ளிருந்தே கேட்டைத் திறக்கச் சொல்லி இரண்டு ஹாரன் அடித்தார், உள்ளே போனார், கேட்டு மூடிக்கொண்டது. நடந்து போன ஒரே ஒரு ஆள் சுற்றுச்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "யாருக்காவது காத்திருக்கீங்களாம்மா? டாக்சி வரலையா?" என்று இரக்கத்தோடு கேட்டுவிட்டுப் போனார்.

டீ ஆறிப்போனது. பிஸ்கட்டை அவளே தின்றாள். சுவருக்குப் பின்னாலிருந்து கணக்கு டீச்சர் மூக்கால் சிரிக்கிற சத்தம் வீட்டைத் தாண்டி முன்பக்கம் வரைக்கும் வந்தது.

அடுத்து ஜுரம் வந்தது, முதலில் சின்னவளுக்கு. அந்த வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஒருத்தி ஃபிளாஸ்க் கொண்டு வருகிறாள், ஒருத்தி துவைத்துக் காயப்போடுகிறாள், பூனையம்மா பூனையையே கொண்டு வந்து கால்மாட்டில் படுக்க வைக்கிறாள், "சூடா இருக்கும், நல்லது" என்று. அந்த ஜுரம் சந்தைத் தாண்டி மூலை வீட்டுக்கும் வந்தது. பெரியவள் படுத்தாள். கணவர் மாத்திரையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு ஆபீஸ் போனார். அவள் மாத்திரை மயக்கத்தில் கண் அயர்வதும், விழித்துக் கூரையைப் பார்ப்பதுமாகக் கிடந்தாள். யாரும் வரவில்லை. ஒரு ஆள், ஒரு பூனை, எதுவும் வரவில்லை.

அழுதாளா என்று கேட்காதீர்கள். அழுதிருந்தால் இறங்கிப் போயிருக்கும். அழாமல் உள்ளேயே வைத்துத் தைத்துவிட்டாள், இரட்டைத் தையல்.

அந்த நேரம் பார்த்துத்தான் சங்கத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. ரோட்டுக்கு எதிர்வரிசைப் பெரிய வீடுகளும் இதே சங்கம்தான். அந்த ரோட்டு வீட்டுக்காரர்கள் சுற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக வேண்டியிருக்கிறதாம். சந்தின் கம்பங்களைப் பிடுங்கிவிட்டால் குறுக்கே போய்விடலாமாம். ஹாரன் சார்தான் முன்னால் நின்றார். செகரட்டரி எந்தப் பக்கமும் சாயாமல், "பாக்கலாம், பாக்கலாம்" என்று தள்ளிக்கொண்டிருந்தார்.

"பிடுங்கிட வேண்டியதுதானே" என்றாள் பெரியவள், அவருக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டே.

"சந்து ஜனம் வருத்தப்படும்மா."

"உங்க தம்பியைத் தவிர சந்து ஜனம் உங்களுக்கு யாரு? சித்தப்பா பெரியப்பாவா? நமக்கும் கார் இருக்கு. நமக்கும் சுத்து மிச்சம்."

"நம்ம கார் வாரத்துக்கு ஒரு நாள்தான் வெளிய வருது."

"குறுக்கு வழி இருந்தா தினமும் வரும். நீங்க செகரட்டரியா, இல்ல சந்துல காத்து வாங்குற ஆளா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க."

அவர் சோற்றையே பார்த்தார். "ம்" என்றார். சங்கத்தில் பேசி, கொஞ்ச காலத்துக்குச் சோதனையாகத் திறந்து பார்ப்போம், பிறகு கூடி முடிவெடுப்போம் என்று தீர்மானமானது. கம்பங்களைப் பெயர்த்தெடுத்துச் சங்க அறையில் ஒரு மூலையில் சாய்த்து வைத்தார்கள்.

முதல் நாள் சாயங்காலம் சந்தில் வழக்கம்போல் நாற்காலிகள் விழுந்தன. எலெக்ட்ரீஷியன் ஒரு புதுக்கதையை எடுத்தான். திரைக்கு இந்தப் புறம் பெரியவள் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வீடு. புருஷன் பெண்டாட்டி ரெண்டே பேர், வயசானவங்க" என்றான் அவன். "அவங்க ரூம்ல ஒரு ஃபேன். போட்டா கடக்கு கடக்குன்னு லாரி போற மாதிரி சத்தம். பல வருஷமா அதே சத்தம். மகன் வெளியூர்லேருந்து வந்தவன், 'என்னப்பா இது, இதுல எப்படித் தூங்குறீங்க'ன்னு என்னைக் கூப்பிட்டு விட்டான். நான் போய்ப் பிரிச்சு, எண்ணெய் போட்டு, மாட்டிட்டேன். ஃபேன் ஓடுதான்னு கையை நீட்டிப் பாத்தாத்தான் தெரியும், அவ்வளவு அமைதி."

"அப்புறம்?" என்றது டீச்சரின் மூக்குக் குரல்.

"மறுநாள் காலைல அந்தப் பெரியவர் போன் பண்றார். 'உடனே வா'ங்குறார். என்னமோ ஏதோன்னு ஓடுறேன். போனா, அந்தம்மா ஒரு ரூம்ல, இவர் ஒரு ரூம்ல. ரெண்டு பேர் மூஞ்சியும் இஞ்சி தின்ன மாதிரி இருக்கு. அவர் என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், ஃபேனைக் காட்டி, மெதுவா என் காதுல சொல்றார்..."

பெரியவளின் கால் மிதியிலிருந்து எழுந்தது. மிஷின் நின்றது.

பாம்! பாம்!

ஹாரன் சாரின் கார். நாற்காலிகள் கறகறவென்று இழுபட்டன. "குழாயடியில குடம் இருக்கு, குடம் இருக்கு!" என்று யாரோ கத்தினார்கள். பூனையம்மா பூனையைத் தேடினாள். கார் போனதும் பின்னாலேயே ஒரு ஸ்கூட்டர், அதன் பின்னால் இன்னொரு கார். நாற்காலிகள் திரும்ப விழவில்லை. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் வந்தது.

பெரியவள் நின்ற மிஷினின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். காதுக்குள் அந்த மனிதர் என்னதான் சொன்னார்?

மறுநாள் நாற்காலிகள் சுவரோரம் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அதற்கு மறுநாள் வீட்டுக்குள் போய்விட்டன. குடத்தைக் குழாயில் வைத்தவர்கள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே பிடித்து, அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சந்துக்காரர்களில் வண்டி இருந்தவர்கள் தங்கள் வாசல் வரைக்கும் வண்டியைக் கொண்டுவந்தார்கள். இறங்கி இரண்டு எட்டில் உள்ளே போனார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. யாரும் நின்று பதில் சொல்லவில்லை.

பெரியவள் நினைத்ததெல்லாம் நடந்தது. சின்னவள் வாசல் காலி. நிழல் மட்டும் விழுந்து கிடந்தது, உட்கார ஆளில்லாமல். காற்று வாங்கப் போகிறவரும் வீட்டிலேயே தங்கினார். டிவிக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். "டீ போடவா?" என்று அவள் கேட்டாள். "ம்" என்றார். அவர் கிடைத்துவிட்டார்; கிடைத்தவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அவள் தைத்தாள். மிஷின் மூச்சு விடாமல் ஓடியது. நிறுத்துவதற்கு என்ன காரணம் இருக்கிறது? ஓரம் மடித்து, வளையம் வைத்து, அடுத்தது, அடுத்தது. வாங்கின வேலையெல்லாம் முடிந்து, தவணைக்கு முன்னாலேயே போய்க் கொடுத்தாள். ஒரு வீட்டில், "என்னம்மா, நாங்க இன்னும் ஜன்னலே மாட்டலையே" என்றார்கள். திரும்பி வந்து, தைக்க வேறு எதுவும் இல்லாததால், பழைய திரை ஒன்றைப் பிரித்து மறுபடியும் அதையே தைத்தாள்.

காதுக்குள் என்ன சொன்னார்? அது ஒரு முள்ளாக நின்றது. கூடவே இன்னொரு முள்: சின்னவளுக்குத் தெரிந்திருக்கும். எலெக்ட்ரீஷியன் குழாயடியில் அவளிடம் சொல்லியிருப்பான். கதையின் முடிவைச் சின்னவள் மட்டும் வைத்துக்கொண்டு, எதிர் வீட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு சாயங்காலம் ஜன்னல் கம்பியில் யாரோ தட்டினார்கள்.

"அக்கா... அக்கா, உள்ள இருக்கீங்களா?"

தகர டப்பாக் குரல். பெரியவள் திரையைக் கொஞ்சம்போல விலக்கினாள். சின்னவள் தலைகீழாகக் கவிழ்த்த குடத்தின்மேல் ஏறி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உடம்பு ஏதாவது பண்ணுதாக்கா?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

"இல்ல, மிஷினை நிறுத்தவே மாட்டேங்குறீங்களே, அதான் கேட்டேன்."

"தைக்கிறவ தைக்காம வேற என்ன செய்வா?"

"முன்னல்லாம் நிறுத்துவீங்களே. எலெக்ட்ரீஷியன் அண்ணன் கதை சூடு பிடிச்சதும் டப்புன்னு நிக்கும். அவரும், 'ஆங், முதுகு வீட்டக்கா வந்தாச்சு'ன்னு சொல்லிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்லுவாரு. ஒரு தடவை கதை முழுக்க மிஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அன்னிக்கு அவருக்குச் சோறே இறங்கல. 'கதை ஊத்திக்கிச்சு'ன்னு ஒரே புலம்பல்."

பெரியவளுக்குக் கழுத்து வரை சூடு ஏறியது. "நான் ஒட்டுக் கேட்டதா சந்து பூரா பேசிக்கிட்டீங்களா?"

"ஒட்டுக் கேக்குறதா? உங்களுக்குக் கேக்கணும்னுதான் அந்த மனுஷன் தொண்டை கிழியக் கத்துறதே. பக்கத்துல உக்காந்திருக்கிற எங்களுக்கு எதுக்கு அவ்வளவு சத்தம்? பூனையம்மாவுக்குக் காதே வலிக்குது."

பெரியவள் கம்பியை இந்தப் பக்கமிருந்து பிடித்துக்கொண்டாள். வெட்கமும் சந்தோஷமும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்தால் என்ன ஆகும்? இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. அந்த இடுக்கில் பழைய கோபம் புகுந்து முன்னால் வந்துவிட்டது.

"அப்படி அக்கறை இருக்கிறவங்க எனக்கு ஜுரம் வந்தப்போ எங்க போனீங்க?"

"மிஷின் சத்தமே இல்லையேன்னு பூனையம்மா சுத்திக்கிட்டு முன்பக்கம் வந்து கேட்டைத் தட்டினாங்கக்கா. நானும் வந்தேன். கேட்டுக்குப் பூட்டு. கேட்டுலேருந்து உங்க கட்டில் எவ்வளவு தூரம்? அங்கேருந்து கூப்பிட்டா உங்களுக்கு எங்க கேக்கும்? ஜன்னல்ல தட்டினேன். தூங்குறீங்கன்னு நினைச்சுக்கிட்டோம். மாமாகிட்ட கேட்டா 'ம்' அப்படின்னார். அதுக்கு என்ன அர்த்தம்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்கு அர்த்தம் பெரியவளுக்கே பல சமயம் தெரியாது. அதனால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். "முதுகு வீடுன்னு பேர் வச்சது நீதானே?"

சின்னவள் விழித்தாள். "நானா? நீங்கதானே வச்சீங்க!"

"நானா?"

"நாங்க சாமான் இறக்கின அன்னிக்கு இந்த ஜன்னல்லேருந்துதானே சொன்னீங்க? 'இந்தப் பக்கம் எங்க வீட்டு முதுகு, யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. எதுவா இருந்தாலும் முன்பக்கமா வாங்க'ன்னு. பூனையம்மா அதைக் கேட்டுட்டு, 'என்ன அழகாப் பேசுறாங்க'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. அதுவே பேராயிடுச்சு."

சொன்னாள்தான். பெரியவளுக்கு இப்போது நினைவு வந்தது. சொல்லும்போது தாடையை எவ்வளவு உயர்த்தி வைத்திருந்தாள் என்பதுகூட நினைவு வந்தது. விரலால் காட்டி வாங்கின வீடு, வாயால் வைத்த பெயர். இரண்டுக்கும் இன்னொருத்தியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சின்னவள் குடத்திலிருந்து இறங்கப் போனாள். பெரியவளுக்குத் தாங்கவில்லை. எங்கேயோ பார்ப்பதுபோல் திரையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்: "அந்த ஃபேன்காரர் காதுல என்ன சொன்னாராம்?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? கார் வந்துருச்சுல்ல."

"அவன் உங்கிட்ட சொல்லலையா?"

"யாரும் இப்ப நிக்கிறதே இல்லையே, எங்க சொல்ல? நாளைக்குச் சங்கக் கூட்டத்துல கம்பத்தை ஒரேயடியா எடுத்துடுவாங்களாம். அப்புறம் எங்க உக்காந்து கதை பேச?" தகர டப்பா கொஞ்சம் நசுங்கினாற்போல் இருந்தது குரல். "நான் போறேன்க்கா, வண்டி வருது."

மறுநாள் சங்க அறையில் கூட்டம். ரோட்டு வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம், சந்துக்காரர்கள் ஒரு பக்கம். செகரட்டரி நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவள் ரோட்டுப் பக்கத்து வரிசையில், நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஹாரன் சார் எழுந்தார். காரை விட்டு இறங்கி நின்றால் அவர் இவ்வளவு குட்டை என்பதே பெரியவளுக்கு அன்றுதான் தெரிந்தது. "சந்துங்கறது வழி. வழின்னா போறதுக்கு. நாற்காலி போட்டு உக்கார்றதுக்கு அது என்ன இவங்க வீட்டு ஹாலா? எந்த நேரமும் கூட்டம், அரட்டை."

"அதெல்லாம் இப்ப இல்லீங்க" என்றான் எலெக்ட்ரீஷியன். "இப்ப நாங்க வாசல்ல கால் வைக்கிறதுக்கே ஹாரன் அடிச்சுட்டுத்தான் வர்றோம்."

சந்துப் பக்கம் கொஞ்சம் சிரித்தது. சின்னவளைத் தேடித்தான் எல்லோர் கண்ணும் போனது. அவள் பேசுவாள் என்று எதிர்பார்த்தார்கள். பெரியவள் அதைப் பார்த்தாள். இங்கேயும் அவள்தானா? இதிலும் அவளைத்தான் பார்ப்பீர்களா?

பெரியவள் விருட்டென்று எழுந்துவிட்டாள்.

"கம்பத்தைத் திருப்பி நட்டுடுங்க."

செகரட்டரி மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினார். ஹாரன் சார், "என்னம்மா இது, எடுத்துப் பாக்கலாம்னு கடைசியில முடிவு சொன்னதே உங்க வீட்டுக்காரர்தானே?" என்றார்.

"அவர் சொல்லல. நான் சொன்னேன், அவர் கேட்டார். இப்ப நட்டுடணும்னு சொல்றேன், அதையும் கேப்பார்."

"ம்" என்றார் செகரட்டரி. அதன் அர்த்தம் அன்றைக்கு எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தது.

"ஒரு காரணம் வேணாமா?" என்றார் ஹாரன் சார்.

"நிழல் என் வீட்டு நிழல். அதுல ஆள் உக்கார்றதா, கார் போறதான்னு நான் சொல்லக் கூடாதா?"

"நிழலுக்கெல்லாம் பட்டா இருக்காம்மா?"

"சாயங்காலமா வாங்க, அளந்து காட்டுறேன். வீடு வீடா ஜன்னல் அளக்குறவ நான். நிழலை அளக்க மாட்டேனா? ஆனா நடந்து வரணும். கார்ல வந்தா நிழல் தெரியாது."

இந்தத் தடவை ரோட்டுப் பக்கமும் சிரித்தது. ஹாரன் சார்கூட உட்காரும்போது வாயைத் துடைப்பதுபோல் சிரிப்பைத் துடைத்துக்கொண்டார். கை தூக்கச் சொன்னார்கள். ரோட்டு வரிசையிலிருந்து முதல் கை பெரியவளுடையது. அவள் கையைப் பார்த்து இன்னும் சிலர் தூக்கினார்கள். அது போதுமானதாக இருந்தது.

கம்பங்கள் அவற்றின் பழைய குழிகளுக்கே திரும்பின. அன்றைக்குப் பெரியவளும் கணவரும் சேர்ந்து துணி அலமாரியைத் தள்ளினார்கள். தரையில் அதன் கால் தடம் நான்கு கறுப்புப் புள்ளியாகப் பதிந்திருந்தது. பின்கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து வர மறுத்தது. தையல் மிஷின் எண்ணெயை விட்டுத் திறந்தாள். கதவு திறந்ததும் நேர் எதிரே சின்னவள் வாசல். அவ்வளவு பக்கம். கை நீட்டினால் ஊசி கொடுக்கலாம். இத்தனை நாளும் இவ்வளவு கிட்டத்திலிருந்துதானா எரிந்துகொண்டிருந்தோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

மிஷினை வாசலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெயில் சாய்ந்தது, நிழல் நீண்டது, நாற்காலிகள் விழுந்தன. எல்லாம் சின்னவள் வாசலிலேயே விழுந்தன, பழக்கதோஷம். பெரியவள் கண்டும் காணாததுபோல் தைத்தாள்.

எலெக்ட்ரீஷியன் தொண்டையைச் செருமினான். "எங்க விட்டேன்?"

"இஞ்சி தின்ன மூஞ்சி" என்றார் கணக்கு டீச்சர்.

"ஆங். என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், ஃபேனைக் காட்டி, மெதுவா என் காதுல சொல்றார்..." அவன் நிறுத்தினான். எல்லோரும் எதிர்வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். பூனைகூடப் பார்த்ததாகத்தான் சொல்கிறார்கள்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் தலையைத் தூக்கவில்லை. கொஞ்சம் காத்திருக்கட்டுமே, தனக்காக ஒரு கூட்டமே காத்திருப்பதை அவள் இதற்கு முன்னால் கண்ணால் பார்த்ததில்லை. தையலின் ஓரம் வரைக்கும் ஓட்டிவிட்டு, காலை எடுத்தாள். மிஷின் நின்றது.

"'தம்பி, இத்தனை வருஷமா இவ என்னை என்னவெல்லாம் திட்டிட்டு இருந்தான்னு நேத்துத்தான் என் காதுல விழுந்துச்சு. உனக்குக் கோடிப் புண்ணியம், அந்தப் பழைய சத்தத்தைத் திருப்பிப் போட்டுக் குடுத்துடுப்பா!'"

சந்து அதிர்ந்தது. மூக்குச் சிரிப்பு, இருமல் சிரிப்பு, தகர டப்பா, எல்லாம் ஒன்றாகக் கொட்டியது. பெரியவளும் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பார்த்தால், அவள் வீட்டுக்காரர் சின்னவள் வாசற்படியில் உட்கார்ந்து தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை இப்போதுதான் முகத்தோடு சேர்த்துப் பார்க்கிறாள். கண் சுருங்கி, பல் எல்லாம் தெரிய, இவ்வளவு நன்றாக இருக்கிறதே. அதைப் போய் அங்கே, அவள் படியில் உட்கார்ந்து...

"ஏங்க!" என்று கூப்பிட்டாள். "அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து சிரிக்கிறது!"

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். "இருங்க மாமா, நானும் வரேன்" என்று சின்னவள் தன் நாற்காலியைத் தூக்கினாள். அவள் எழுந்ததும் டீச்சர் எழுந்தார், எலெக்ட்ரீஷியன் எழுந்தான், பூனையம்மா பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். முழுக் கூட்டமும் சந்தைக் கடந்து முதுகு வீட்டின் வாசலுக்கு வந்து உட்கார்ந்தது.

பெரியவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். கொடுக்கும்போதே மனசுக்குள் ஒரு ஊசி லேசாகக் குத்தியது: பார், நான் கூப்பிட்டு ஒருத்தர்தான் வந்தார், அவள் எழுந்ததும் எல்லோரும் வருகிறார்கள்.

குத்தினால் குத்தட்டும் என்று மிதியில் காலை வைத்தாள். ஆனால் அழுத்தவில்லை. எலெக்ட்ரீஷியன் அடுத்த கதையை ஆரம்பித்துவிட்டான்.